ஆடிட் நாளில் மட்டும் திறக்கும் அறை

மேடையேறும் போதெல்லாம் எனக்குத் துணைவரும் தாய்த்தமிழே, உன்னை வணங்கித் தொடங்குகிறேன்.

இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமையேற்று, நான் எந்த மேடையில் பேசினாலும் முன்வரிசையில் அமர்ந்து என் உச்சரிப்பைத் திருத்தும் எங்கள் கல்லூரி முதல்வர் சாரதாமணி அம்மையார் அவர்களே. அவிநாசிபாளையத்து வெயிலில் இந்த மண்டபத்தையும் இலைச் சாப்பாட்டையும் மனமுவந்து தந்திருக்கும் பனியன் கம்பெனி உரிமையாளர், ஐயா பொங்கியண்ணன் அவர்களே. வாரத்தில் கிடைப்பது ஒரே ஞாயிறு, அந்த ஞாயிற்றையும் எனக்கென்று விட்டுக்கொடுத்து வந்திருக்கும் டெய்லர் அண்ணன்மார்களே, செக்கிங் அக்காமார்களே. ஒடிசாவிலும் பீகாரிலும் பிறந்து, எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கு இன்னும் பழகாத சகோதரர்களே. மடியில் பிள்ளையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே. மூன்றாவது வரிசையில், இவள் என்ன பேசப் போகிறாளோ என்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருக்கும் என் தாய் ரோஸ்மேரி அவர்களே. இதோ இந்தக் கம்பியில் மாட்டியிருக்கும் செல்போனுக்குள்ளிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் தோழியர், போர்ச்சுகல் நாட்டு லூசியா அவர்களே, கென்யா நாட்டு வாஞ்சிரு அவர்களே. உங்கள் அனைவருக்கும் டேனியல் மகள் ஜோதிகாவின் பணிவான வணக்கம்.

கைதட்டுகிறீர்கள். நன்றி. கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்த பிறகு எனக்குக் கைதட்டல் கிடைக்குமா என்று தெரியவில்லை.

பேச்சுப்போட்டிகளில் கோப்பை வாங்கிப் பழகியவள் நான். எந்த இடத்தில் குரலை உயர்த்தினால் கூட்டம் நிமிரும், எந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டல் விழும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இன்றைக்கும் எங்கள் தமிழய்யா நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். 'பஞ்சு தந்த பூமி, பாரெங்கும் பனியன் தந்த பூமி, உழைப்பையே உடுத்திக்கொண்ட பூமி' என்று தொடங்குகிறது. அருமையான தமிழ். ஆனால் இந்தத் தாளை நான் மடித்து வைக்கிறேன். ஐயா மன்னிக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் பழக்கத்தால் வந்த வினையைச் சொல்லத்தான் இன்று நான் நிற்கிறேன்.

நாங்கள் செய்தது என்ன என்று அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. உலகமெங்கும் உள்ள மாணவர்கள் குழு குழுவாகச் சேர்ந்து, ஆளுக்கொரு தொழிலை எடுத்து ஆராய வேண்டும். இந்தத் தொழில் இன்னும் இருபது ஆண்டுகள் நிலைத்து நிற்குமா? மண்ணைக் கெடுக்காமல், மனிதரை வாட்டாமல் நிற்குமா? இதுதான் போட்டியின் கேள்வி. மூன்று நாடுகளிலிருந்து மூன்று பெண்கள், ஆறு மாதம், வீடியோ காலிலேயே வேலை செய்தோம். எடுத்துக்கொண்டது பொங்கியண்ணன் ஐயாவின் கம்பெனி. சாயத் தண்ணீரை லூசியா பார்த்தாள். கரண்ட்டையும், கட்டிங்கில் மிஞ்சும் வெட்டித் துணியையும் வாஞ்சிரு பார்த்தாள். மனிதர்களை நான் பார்த்தேன். ஊர்க்காரி நான்தானே? என் அம்மாவே அங்கே பதினெட்டு ஆண்டுகளாக, தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங் டேபிளில் நிற்கிறவர் ஆயிற்றே?

நாற்பது பக்க அறிக்கை. முதல் பரிசு. அந்தக் கேடயம்தான் இதோ இந்த மேசையில், பட்டுத்துணி போர்த்தி, தலைவர் கையால் என் கைக்கு வரக் காத்திருக்கிறது.

அதை நான் வாங்கப் போவதில்லை.

இருங்கள், இருங்கள். முதல்வர் அம்மா பயப்பட வேண்டாம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் ஆடிட் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க வரும் நாள். அன்றைக்குக் காலையில் என்ன நடக்கும்? முகத்துக்கு மாஸ்க் வரும். கட்டிங் மாஸ்டர் கைக்கு இரும்புக் கையுறை வரும். காலியாய்க் கிடந்த முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் மருந்தும் வரும். அவசர வழியை அடைத்துக் கிடக்கும் துணி மூட்டைகள் மொட்டை மாடிக்குப் போகும். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். இது நமக்குப் பொய்யாகவே தோன்றுவதில்லை. விருந்தாளி வந்தால் வீட்டை ஒதுங்க வைப்பதில்லையா, அப்படித்தான் நாம் இதை நினைத்துக்கொள்கிறோம்.

கேள்விக்குப் பதிலும் நமக்குப் பாடம். 'ஓவர்டைம் உண்டா?' 'விருப்பப்பட்டால் மட்டும்.' 'தண்ணீர் குடிக்க விடுகிறார்களா?' 'எப்போது வேண்டுமானாலும்.' 'குழந்தையை எங்கே விடுகிறீர்கள்?' 'கம்பெனிக் காப்பகத்தில்.' எல்லோரும் ஒரே பதில், ஒரே குரல். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதைப் போல.

காப்பகம். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, சுவரில் முயல் படம் வரைந்த அறை, அது. மற்ற நாட்களில் அதற்குள் இருப்பது என்ன? அட்டைப்பெட்டி. தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டி. ஆடிட் அன்று மட்டும் பெட்டிகள் வெளியே வரும், பொம்மைகள் உள்ளே போகும். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்து உட்கார வைப்பார்கள். நான்கு மணிக்கு ஆடிட்டர் கார் கிளம்பும். நாலரைக்குப் பெட்டிகள் திரும்ப வந்துவிடும்.

ஐயா பொங்கியண்ணன் அவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார். ஐயா, உங்களைக் குற்றக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அந்த அறையைக் கட்டியவர் நீங்கள். ஓர் ஆயாவை வைத்து மூன்று மாதம் நடத்தியவரும் நீங்கள். அந்த அம்மா வேலையை விட்டுப் போனார், வேறு ஆள் கிடைக்கவில்லை, ஷிப்மெண்ட் நெருக்கியது, இடமில்லாமல் பெட்டியை வைத்தீர்கள். வைத்த பெட்டி வைத்தபடியே நின்றுவிட்டது. இதுதான் நடந்தது. கூண்டில் ஏற வேண்டியவள் நான்.

ஏனென்றால் லூசியாவுக்கு அந்த அறையைக் காட்டியவள் நான். எந்த நாளில் காட்டினேன்? ஆடிட் நாளில். யாராவது சொன்னார்களா, இந்த நாளில் படம் எடு என்று? இல்லை. மிரட்டினார்களா? இல்லை. கம்பெனியை வெளியாருக்குக் காட்டுவதென்றால் அன்றைக்குத்தான் காட்டுவது என்று என் கையே பழகியிருந்தது. செல்போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். பதினோரு பிள்ளைகள், பந்துகள், ஒரு மர யானை. லூசியா அந்தப் பக்கத்தில் முகம் மலர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். 'சாதாரண நாட்களிலும் இப்படித்தானா?'

யோசிக்கக்கூட இல்லை நான். 'ஆமாம்' என்றேன்.

அந்த ஒற்றை ஆமாமை அழகான ஆங்கிலத்தில் அலங்கரித்து, அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் ஏற்றினேன். 'சிறிய நிறுவனங்களுக்கு முன்மாதிரியான காப்பகம்' என்று எழுதினேன். நடுவர்கள் நாற்பது பக்கத்திலும் அந்தப் பக்கத்தைத்தான் மெச்சினார்கள்.

இனிமேல் சொல்வதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். நீங்களும் அறியாத சேதி இது.

இந்த வட்டாரத்தில் பத்துச் சிறு கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற இரண்டு பேரை அனுப்பி, காப்பகம் நடத்திக்கொடுக்க ஓர் அமைப்பு முன்வந்தது. ஐயா பொங்கியண்ணன் விண்ணப்பித்திருந்தார். ஆமாம், விண்ணப்பித்திருந்தார். முதல் பட்டியலில் நம் கம்பெனியின் பெயர் நான்காவதாக இருந்தது. போட்டி முடிவு வந்த பிறகு இறுதிப் பட்டியல் வந்தது. அதில் நம் பெயர் இல்லை. காரணமும் எழுதியிருந்தார்கள். 'இந்நிறுவனத்தில் ஏற்கெனவே சிறந்த காப்பகம் இயங்குகிறது. சான்று, மாணவர் குழுவின் அறிக்கை, பக்கம் பதினான்கு.'

வர இருந்த காப்பகத்தை வரவிடாமல் விரட்டியது யார்? ஊழலா? உலகச் சந்தையா? இல்லை. உங்கள் செக்கிங் ரோஸ்மேரியின் மகள், படித்த பிள்ளை, பரிசு வாங்கிய பிள்ளை, நான்தான் விரட்டினேன்.

அந்தக் கடிதத்தை ஐயா எனக்குக் காட்டினார். காட்டிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "உட்றுங் கண்ணு. நல்ல பேரு வந்திருக்குது. அதைப் போயி நாமளே கெடுத்துக்குவமா? பையரெல்லாம் போன் பண்ணிப் பேசறாங்க. பின்னால பாத்துக்கலாங் கண்ணு." நானும் விட்டுவிட்டேன். எனக்கும் நல்ல பெயர்தானே வந்திருந்தது? பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பதில் எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

அந்தப் 'பின்னால்' மூன்றே வாரத்தில் வந்தது.

போன மாதம், ஒரு வியாழக்கிழமை. கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர் முத்துப்பேச்சி அக்கா. அம்மாவுக்கு அடுத்த டேபிளில் நிற்கிறவர். அவர் மகள் தன்ஷிகாவுக்கு இரண்டரை வயது. லைன் வீட்டில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு வருவார். அன்றைக்கு அந்த அம்மா ரேஷன் கடைக்குப் போனார். போகும்போது கதவை வெளியே கொக்கி போட்டுத்தான் போனார். கதவும் பழசு, கொக்கியும் பழசு. பிள்ளை தள்ளியிருக்கிறது, திறந்துகொண்டது.

பதினொன்றரை மணிக்குச் செக்கிங் ஹாலில் போன் வந்தது. முத்துப்பேச்சி அக்கா கையில் இருந்த துணியைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்படியே ஓடினார். என் அம்மா பின்னாலேயே ஓடினார். எனக்குத் தகவல் வந்து நான் கல்லூரியிலிருந்து வந்தபோது, தாராபுரம் ரோட்டில் அக்கா ஒவ்வொரு லாரியின் அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். "ஏக்கா, எம்புள்ள செவப்புச் சட்டை போட்டிருந்துச்சுக்கா, பாத்தியளா," இதையே எல்லோரிடமும் கேட்டார். என்னிடமும் கேட்டார். என்னை அடையாளமே தெரியவில்லை.

ஒன்றரை மணி நேரம். கிணறு பார்த்தோம். சாக்கடை பார்த்தோம். சாக்கடையைப் பார்க்கும்போது மனசுக்குள் என்ன ஓடும் என்று இந்த மேடையில் என்னால் சொல்ல முடியாது. எனக்குள் பதினான்காம் பக்கம் ஓடியது. வரி மாறாமல் ஓடியது.

பிள்ளை கிடைத்தது. பேருந்து நிறுத்தத்து டீக்கடை பெஞ்சில் இருந்தது. அதோ, கடைசி வரிசையில் சுவரோரம் நிற்கிறாரே, ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ், அவர்தான் ரோட்டில் நடந்த பிள்ளையைத் தூக்கியவர். தமிழ் தெரியாது. பிள்ளையோடு நடந்தால் பிள்ளை பிடிக்கிறவன் என்று அடித்துவிடுவார்களோ என்று அவருக்கு நடுக்கம். அதனால் ஓர் இடத்திலும் ஒதுங்காமல், எல்லோர் கண்ணிலும் படும்படி, நட்டநடு பெஞ்சில் பிள்ளையை உட்கார வைத்து, பன் வாங்கிக் கொடுத்து, எழுபது நிமிடம் பக்கத்தில் நின்றிருக்கிறார். அவருக்குக் கைதட்டுங்கள். இது தட்ட வேண்டிய இடம்.

அன்று மாலையே லூசியாவையும் வாஞ்சிருவையும் அழைத்து உண்மையைச் சொன்னேன். லூசியா, 'நான் அந்தப் படத்தை என் அம்மாவுக்குக் காட்டினேன், ஜோதிகா' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. வாஞ்சிரு சிரித்தாள். கோபத்தில் வரும் சிரிப்பு அது. அவள் ஊரில் பூப்பண்ணைகள் உண்டு; அவள் அத்தை அங்கே பூ கட்டுகிறார். 'பண்ணையைப் பார்க்க ஆள் வரும் நாளில் அங்கேயும் பிள்ளைகளுக்குப் புதுப் பாய் விரிப்பார்கள். நீ காட்டிய அறையில் பொம்மைகளில் ஒரு கீறல் இல்லை. நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். பரிசு வரும் என்று தோன்றியது, கேட்கவில்லை' என்றாள்.

அன்பார்ந்தவர்களே, ஆறு மாதப் பாடத்தில் நான் கற்றது இதுதான். திருப்பூருக்கும் நைரோபிக்கும் இடையே கடல் இருக்கிறது. ஆனால் பார்க்க வருகிறவன் கண்ணுக்காக ஒரு நாள் வாழ்ந்துகாட்டும் வழக்கத்துக்குக் கடலும் இல்லை, கரையும் இல்லை. கூரையில் சூரியத் தகடு வைத்தால் தொழில் நிலைக்குமா? நிலைக்கும், கொஞ்சம். வெட்டித் துணியை மறுபடி நூலாக்கினால் நிலைக்குமா? நிலைக்கும், இன்னும் கொஞ்சம். ஆனால் டேபிளில் நிற்கும் தாயின் கை துணியிலும், மனம் பூட்டிய கதவிலும் இருக்குமென்றால் அந்தத் தொழில் எதன் மேல் நிற்கிறது? யாருடைய பயத்தின் மேல் நிற்கிறது?

என்னங்க ஐயா? சொல்லுங்கள். ஐயா கேட்கிறார், மைக்கில்லாததால் உங்களுக்குக் கேட்டிருக்காது: "அதெல்லாஞ் சரிங் கண்ணு. பையருக்குத் தெரிஞ்சா ஆர்டர் போயிருமே, இத்தனை சனத்துக்கு நான் என்னங் கண்ணு சொல்லுவேன்?"

நியாயமான கேள்வி. அன்றிலிருந்து என்னைச் சாப்பிட விடாத கேள்வி. ஆர்டர் போனால் நூற்றைம்பது பேருக்கு வேலை போகும். அந்த நூற்றைம்பதில் என் அம்மாவும் ஒருவர். நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைப் பாராட்டவில்லை. "ஏட்டி, சொல்லாதட்டி. எனக்கு இந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான்? நீ படிச்சிட்டு எங்கயாவது போயிருவ. நாங்க இங்கதான கெடக்கணும்" என்றார்.

அப்படியும் செய்துவிட்டேன், ஐயா. இன்று காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மூவரும் கையொப்பமிட்டு, போட்டிக் குழுவுக்கும் அந்த அமைப்புக்கும் கடிதம் அனுப்பிவிட்டோம். பதினான்காம் பக்கம் பொய். எழுதியவள் ஜோதிகா. பரிசைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இந்தக் கம்பெனிக்குக் காப்பகம் இல்லை, கட்டாயம் தேவை, உரிமையாளர் கேட்டும் எங்களால் கிடைக்காமல் போனது. உங்கள் பெயரைக் கெடுக்கும்படி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனாலும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பதில் வரவில்லை. உங்களிடம் முன்கூட்டிச் சொன்னால் தடுத்துவிடுவீர்கள், நானும் நின்றுவிடுவேன் என்று பயந்துதான் சொல்லவில்லை. அதற்கு இந்தச் சபையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

முதல்வர் அம்மா கையைக் காட்டுகிறார். முடிக்கச் சொல்கிறாரா, தொடரச் சொல்கிறாரா? "முடிச்சிட்டே உக்காரு கண்ணு" என்கிறார். நன்றி அம்மா. முடித்துவிடுகிறேன்.

தாய்மார்களே, கடிதம் மட்டும் போதாது. மறுபடி பரிசீலிக்கும்போது நேரில் வந்து விசாரிப்போம், எத்தனை பிள்ளைகள் என்று கேட்போம் என்று அந்த அமைப்பின் விதியிலேயே இருக்கிறது. கேட்கும்போது பழைய வாய்ப்பாடு வாயில் வந்துவிடக் கூடாது. ஆகவே நானே இப்போது கேட்கிறேன். ஆடிட்டர் இல்லை. படம் எடுக்கவில்லை. வேலைக்கு வரும்போது சின்னப் பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டோ, யார் தலையிலாவது கட்டிவிட்டோ வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள்.

யாரும் தூக்கவில்லை.

புரிகிறது. ஐயா மேடையில் இருக்கிறார். நாளைக்குக் காலையில் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். உங்களை நான் குறை சொல்லவில்லை. நானே ஒரு 'இல்லை' சொல்ல முடியாதவள்.

முத்துப்பேச்சி அக்கா. தூக்கிவிட்டார். அக்கா, நன்றி. பக்கத்தில் பச்சைச் சேலை. அந்தத் தூணோரம் இரண்டு பேர். ஓவர்லாக் மெஷின்காரர்கள் வரிசையில் நான்கு, ஐந்து. இந்தி பேசும் அக்காமார்கள் பக்கத்தில் ஒருவர் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு இரண்டு கையையும் தூக்குகிறார். ஓ, இரண்டு பிள்ளைகளா.

அம்மா, நீங்கள் எதற்குத் தூக்குகிறீர்கள்? சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களைத்தான் கேட்டேன். இறக்குங்கள் அம்மா.

அம்மா சொல்வது பின்வரிசைக்குக் கேட்டதா? நான் திரும்பச் சொல்கிறேன். "ஒன்னையும் பூட்டிட்டுத்தானட்டி போனேன். ரெண்டு வருசம் பூட்டிருக்கேன். அன்னைக்கு ஒருத்தரும் கேக்கல. இன்னைக்குத்தான் கேக்காவ, தூக்குதேன்."

எனக்குத் தெரியாது. இந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

கொஞ்சம் பொறுங்கள். பேசுகிறேன்.

ஐயா பொங்கியண்ணன் எழுந்து நிற்கிறார். மேடை ஓரத்துக்கு வருகிறார். விரலை நீட்டி, உதடசைய, ஒவ்வொருவராக எண்ணுகிறார். பொறுமையாக வந்திருந்து கேட்ட பெரியோர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும், கடல் கடந்து கண் கலங்கி நிற்கும் தோழியருக்கும் என் நன்றியும் வணக்கமும். கை தூக்கிய தாய்மார்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். ஐயாவின் எண்ணிக்கை இப்போதுதான் மூன்றாம் வரிசைக்கு வந்திருக்கிறது. அவர் எண்ணி முடிக்கும் வரை யாரும் கையை இறக்கிவிடாதீர்கள்.